கொல்லைப்புறக் கேள்விகள்: பிரம்ம கமலத்துக்குப் பன்னிரண்டு வருடமா?

போன இதழில் தொட்டிச் செடிகளைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் பிரம்ம கமலத்தைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். சரி, ரோஜாவும் மல்லியும் ஒரு மாதம் காத்திருக்கட்டும், இந்த முறை முழுக்க இதுவே. நர்சரிக்காரர் ‘ஆர்க்கிட் கள்ளி’ என்று சொல்லி விற்பதும், கேரளத்தில் நிஷாகந்தி என்பதும், இலங்கையில் கடுபுல் என்பதும், நாம் பிரம்ம கமலம் என்று கூப்பிடுவதும் இந்த ராத்திரி வெள்ளைப் பூவைத்தான். புத்தகப் பெயர் எபிஃபில்லம் ஆக்ஸிபெடாலம்.

மன்னார்குடி வாசகி: ஐயா, நாலு வருடமாக வைத்திருக்கிறேன். ஆள் உயரத்துக்கு வளர்ந்து இலை இலையாகத் தள்ளுகிறது, ஒரு மொட்டு கிடையாது. கிணற்றடியில் மாமர நிழலில் பெரிய சிமெண்ட் தொட்டியில் இருக்கிறது. வாரம் தவறாமல் கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர் ஊற்றுகிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும் என்கிறார் மாமனார். நிஜமா?

மாமனாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள் அம்மா, பன்னிரண்டு வருடக் கணக்கு நீலக்குறிஞ்சியுடையது, அது இதற்கு வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. துண்டு வைத்து நட்டால் இரண்டு மூன்று வருடத்தில் முதல் பூ வந்துவிடும். அதற்கப்புறம் நம் பக்கம் ஆடி தொடங்கி ஐப்பசி வரை, செடி நன்றாக இருந்தால் ஒரே வருடத்தில் இரண்டு மூன்று தவணையாகப் பூக்கும்.

உங்கள் செடி ஏன் பூக்கவில்லை என்பதற்கு விடை அது பிறந்த இடத்தில் இருக்கிறது. கள்ளிச் சாதிதான், ஆனால் பாலைவனத்துக் கள்ளி கிடையாது. மெக்சிகோவிலும் அதற்குத் தெற்கே உள்ள நாடுகளிலும் மழைக்காட்டில் மரத்துக் கவட்டையில் உட்கார்ந்து வளர்கிற தொற்றுச்செடி. அங்கே அதற்கு மண்ணே கிடையாது, கவட்டையில் சேர்ந்த சருகும் மரப்பட்டைத் தூளும்தான். மழை கொட்டும், அடுத்த நிமிடம் வழிந்து போய்விடும், வேரில் காற்று பட்டுக்கொண்டே இருக்கும். வெயில் இலை வழியாகச் சல்லடை போட்டு விழும். இந்த ஒரு காட்சியை மனதில் வைத்துக்கொண்டால் போதும், இந்தப் பக்கத்தில் மீதியைப் படிக்கக்கூட வேண்டாம்.

இப்போது உங்கள் தொட்டியைப் பாருங்கள். பெரிய தொட்டி, அநேகமாக வயலிலிருந்து அள்ளிய வண்டல், தலைக்கு மேல் அடர்ந்த மாமரம். இதற்கு மேல் வாரா வாரம் புண்ணாக்கு! புண்ணாக்கில் தழைச்சத்துதான் தூக்கல், அதைக் குடித்துவிட்டு இலையாகத் தள்ளுகிறது, பாவம் அது என்ன செய்யும். முதல் வேலையாகப் புண்ணாக்கை நிறுத்துங்கள். தொட்டியை மரத்தின் கிழக்கு ஓரத்துக்கு நகர்த்தி, காலை எட்டு ஒன்பது மணி வரை நேர் வெயில் படும்படி வையுங்கள். மத்தியான வெயில் மட்டும் ஆகாது, கத்திரியில் ஒரே நாளில் இலை வெளுத்துத் தீய்ந்துவிடும். இவ்வளவு பெரிய தொட்டியும் தேவையில்லை. வேர் இடம் போதாமல் நெருக்கிக்கொண்டிருக்கும்போதுதான் இது பூக்க நினைக்கும், எட்டு அங்குலச் சட்டியில் நாலைந்து வருடம் தாராளமாக ஓட்டலாம். வைகாசி கடைசியில் உரக்கடையில் ‘ஜீரோ ஐம்பத்திரண்டு முப்பத்திநாலு’ என்று கேட்டு வாங்கி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் கரைத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஊற்றுங்கள். அதில் தழைச்சத்து இல்லை, மணிச்சத்தும் சாம்பல்சத்தும்தான். சாம்பல் என்றதும் அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டுவிடாதீர்கள், இந்தச் செடிக்கு லேசான புளிப்பு மண்தான் பிடிக்கும், அடுப்புச் சாம்பல் அதைக் கெடுக்கும்.

இன்னொன்று. நாம் இலை என்று சொல்வது இலையே கிடையாது, தட்டையான தண்டு. ‘எபிஃபில்லம்’ என்றால் இலைமேல் என்று அர்த்தம், இலைமேல் பூ வருகிறதே என்று பார்த்தவர்கள் வைத்த பெயர், 1812-லிருந்து நிலைத்துவிட்டது. ஓரத்தில் அலை அலையாகப் பள்ளம் விழுந்திருக்கும் இல்லையா, அந்தப் பள்ளத்துக் கண்ணிலிருந்துதான் மொட்டும் வரும், புதுத் தளிரும் வரும். தளிர் என்றால் சப்பையாக, நுனி ஊசியாக இருக்கும். மொட்டு என்றால் மிளகு மாதிரி உருண்டு செம்மை பூசியிருக்கும். ஒரு வாரம் பொறுத்தால் தெரிந்துவிடும். பழைய தண்டு அசிங்கமாக இருக்கிறது என்று சிலர் வெட்டிவிடுகிறார்கள், பூ வருவதே போன வருடத்து முற்றிய தண்டில்தான். நடுவில் குச்சி போல உருண்டையாக மேலே மேலே போகிற தண்டு இருந்தால் அதன் நுனியை மட்டும் கிள்ளிவிடுங்கள், பக்கத்தில் தட்டையாகக் கிளைக்கும்.

திருவையாறு வாசகர்: அத்தை வீட்டிலிருந்து இலை ஒன்று ஒடித்து வந்து அன்றைக்கே மண்ணில் ஊன்றித் தண்ணீர் ஊற்றினேன். பத்து நாளில் அழுகிவிட்டது. இரண்டாவது தடவையும் அப்படியே. கைராசி இல்லையோ?

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை தம்பி, அவசரம். ஒடித்த இடம் பச்சைப் புண், அதை ஈர மண்ணில் நுழைத்தால் அழுகத்தான் செய்யும். அரை அடி நீளத் துண்டாகக் கத்தியால் நறுக்கி, காற்றோட்டமான நிழலில், ஜன்னல் மேடையிலோ பரண் ஓரத்திலோ ஒரு வாரம் மறந்துவிடுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டியிருக்கும், விரலால் தடவினால் பப்படம் மாதிரி சொரசொரக்கும், அப்போது நடலாம். எது மேல் பக்கம் எது கீழ் பக்கம் என்று நறுக்கும்போதே கீழ்முனையைச் சாய்வாக வெட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், தலைகீழாக நட்டுவிட்டு முழிப்பவர்கள் நிறையப் பேர். இரண்டு அங்குல ஆழம் போதும். ஆடாமல் இருக்க ஒரு குச்சி. நட்ட பிறகும் நாலைந்து நாள் தண்ணீர் வேண்டாம், அப்புறம் லேசாகத் தெளித்தால் போதும். மூன்று நாலு வாரத்தில் மெதுவாக இழுத்துப் பாருங்கள், வர மறுத்தால் வேர் பிடித்துவிட்டது.

மண் கலவையும் சொல்லிவிடுகிறேன், இதைக் கேட்டு மட்டும் ஏழெட்டுக் கடிதம். நம் டெல்டாவின் வண்டலும் களியும் நெல்லுக்குத் தங்கம், இந்தச் செடிக்கு எமன். ஈரமாக இருந்தால் பிசுபிசு, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், வேர் மூச்சு விட முடியாது. ஆனால் வேறு எவருக்கும் இல்லாத வசதி நமக்கு இருக்கிறது: தேங்காய் உரிமட்டை. மட்டையைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி இரண்டு நாள் ஊறவைத்துப் பிழிந்தது இரண்டு பங்கு, கழுவிய நார்க்கழிவு ஒரு பங்கு, நன்றாக மக்கிய இலைமக்கு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, கரித்துண்டும் உடைத்த செங்கலும் சேர்த்து ஒரு பங்கு. பக்கத்தில் ரைஸ்மில் இருந்தால் கருக்கிய உமி இரண்டு கை போடலாம். கருப்பாக இருக்கிற கரி உமியைச் சொல்கிறேன், வெள்ளைச் சாம்பலை இல்லை. கையில் எடுத்துப் பிடித்து விட்டால் உதிர வேண்டும், கொழுக்கட்டை மாதிரி நின்றால் இன்னும் கொஞ்சம் மட்டை சேருங்கள்.

வேதாரண்யம் வாசகி: இலை நுனி எல்லாம் தீய்ந்த மாதிரி காய்கிறது. சட்டி ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. உரம் எதுவும் போடவில்லை. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம்.

உப்பளத்து ஊரில் இருந்துகொண்டு அந்த வெள்ளை என்ன என்று என்னைக் கேட்கிறீர்களே! உப்புதான் அம்மா. வேர் உப்பைத் தாங்காது, நுனியிலிருந்து காயும். ஐப்பசி கார்த்திகையில் மாடித் தண்ணீரை இரண்டு டிரம்மில் பிடித்து மூடி வையுங்கள், ஒரே ஒரு செடிக்கு அது பல மாதத்துக்கு வரும். கொசு வராமல் வேட்டித் துணி கட்டி மூடுங்கள். ஏசி இருந்தால் அதிலிருந்து சொட்டும் தண்ணீரும் நல்லதே. ஆர்.ஓ. மெஷினிலிருந்து கழிவாக வெளியே போகிற தண்ணீரை மட்டும் வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றிவிடாதீர்கள், போர் தண்ணீரைவிட அதில்தான் உப்பு அதிகம். நார்க்கழிவு வாங்கினாலும் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துதான் போட வேண்டும், அதிலும் உப்பு இருக்கும். இப்போதைக்கு நல்ல தண்ணீர் ஒரு வாளி எடுத்து, சட்டி அடியில் வழிய வழிய மெதுவாக ஊற்றி மண்ணை அலசிவிடுங்கள். காய்ந்த நுனி திரும்பப் பச்சையாகாது, புதுத் தளிர் சுத்தமாக வரும்.

கும்பகோணம் வாசகர்: ஆன்லைனில் சிவப்பு, ரோஸ், நீலம் என்று மூன்று ஆர்க்கிட் கள்ளி வாங்கினேன், மூன்றும் சேர்த்து 900 ரூபாய். மூன்று வருடம் ஆகிறது, ஒன்றும் பூக்கவில்லை.

நீலத்தை முதலில் மறந்துவிடுங்கள் சார். இந்தக் குடும்பத்தில் நீலப் பூ கிடையவே கிடையாது, படத்தில் கலர் மாற்றி விற்கிறார்கள். சிவப்பும் ரோஸும் நிஜம். அவை டிஸோகாக்டஸ் என்ற அண்ணன் தம்பிச் செடிகளைக் கலந்து உருவாக்கிய கலப்பு ரகங்கள், பகலிலும் விரிந்திருக்கும், இரண்டு மூன்று நாள் நிற்கும், கண்ணைப் பறிக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மொட்டு வைக்க வேண்டுமானால் குளிர்காலத்தில் இரண்டு மாதம் நல்ல குளிர் வேண்டும். ஊட்டியில், கொடைக்கானலில் வாசல் திண்ணையில் கொட்டிக்கிடக்கும். கும்பகோணத்து மார்கழிப் பனி நமக்குக் குளிர், அதற்கு அது போதாது. கார்த்திகையிலிருந்து தை வரை தண்ணீரைக் குறைத்து, ராத்திரி திறந்தவெளியில் பனியில் வைத்துப் பாருங்கள், சில ரகம் மனமிறங்கும். இல்லையென்றால் மலையில் இருக்கிற சொந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டு வெள்ளைப் பூச்செடியில் ஒரு துண்டு கேளுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய செடியே இல்லை இது.

தஞ்சாவூர் வாசகி: பதினோரு மொட்டு வந்தது. வீட்டில் விசேஷம், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று பால்கனியிலிருந்து எடுத்து ஹாலில் வைத்தோம். ஒவ்வொன்றாக மஞ்சளாகி எல்லாம் உதிர்ந்துவிட்டது. கண் பட்டுவிட்டது என்கிறார்கள்.

கண் படவில்லை, இடம் மாறியதுதான் காரணம். மொட்டு வந்து விரிய மூன்று நாலு வாரம் ஆகும், அந்த நாட்களில் வெளிச்சமும் காற்றும் ஈரமும் சட்டென்று மாறினால் மொட்டைக் கழற்றிவிடும். ஏசி அறை என்றால் கேட்கவே வேண்டாம். மண்ணைக் காயவிட்டாலும் உதிரும், சொதசொதவென்று வைத்தாலும் உதிரும். அடுத்த தடவை மொட்டின் கழுத்தைப் பாருங்கள். முதலில் தலை தொங்கிக்கொண்டிருக்கும். நாள் ஆக ஆகக் காம்பு வளைந்து, அன்னத்தின் கழுத்து மாதிரி நிமிர்ந்து மேலே பார்க்கும். மொட்டு பருத்து வெள்ளை தெரிய ஆரம்பித்தால் அன்றைக்கோ மறுநாளோ ராத்திரி விரியும். அந்தச் சாயங்காலம் தூக்கி ஹாலில் வைத்துக்கொள்ளுங்கள், அப்போது உதிராது.

பட்டுக்கோட்டை வாசகர்: தென்னந்தோப்பில் மரத்தில் கட்டி வளர்க்கலாமா? புல்லுருவி மாதிரி மரத்தை உறிஞ்சிவிடுமா?

உறிஞ்சாது. புல்லுருவி மரத்துக்குள் வேரை விட்டுச் சாற்றைக் குடிக்கும், இது மரத்தை உட்காரும் இடமாக மட்டும் வைத்துக்கொள்ளும். ஆனால் தென்னை சரிப்படாது, கவட்டை கிடையாது, மட்டையும் நெற்றும் விழுந்தால் செடி காலி. 2018 கஜா புயலில் உங்கள் பக்கம் தோப்புத் தோப்பாகச் சாய்ந்த பிறகு நிழலும் பாதி இடத்தில் இல்லையே. வாய்க்கால் ஓரத்துப் பூவரசு, இல்லையென்றால் மாமரம், இரண்டில் ஒன்றைப் பாருங்கள். தோள் உயரக் கவட்டையில் உரிமட்டையும் இலைமக்கும் கொஞ்சம் அடைத்து, வேர் பிடித்த செடியை வைத்து, பழைய வேட்டிக் கிழிசலால் கட்டுங்கள். கம்பி வேண்டாம், அறுக்கும். உச்சியில் வைத்தால் பூக்கும், வௌவால்தான் பார்க்கும்.

நாகப்பட்டினம் வாசகி: இது இமயமலைப் பிரம்ம கமலமா? வீட்டில் வைத்தால் செல்வம் வருமா?

இல்லை. இமயமலையில் பூக்கிற நிஜமான பிரம்ம கமலம் சூரியகாந்திக் குடும்பம், மூவாயிரம் மீட்டருக்கு மேல் வளர்வது, உத்தராகண்ட் மாநிலத்தின் மாநில மலர் அது. நாகப்பட்டினத்தில் ஒரு நாள்கூடத் தாங்காது. பூவுக்குள் பாம்பணையில் பெருமாள் படுத்திருக்கிற மாதிரி நம் ஊர்ப் பெரியவர்கள் காட்டுவார்கள், பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. செல்வம் வந்ததாக நான் பார்க்கவில்லை, பூக்கிற ராத்திரி தெருவே வீட்டுக்கு வரும், காப்பிப் பொடிச் செலவு உண்டு.

மயிலாடுதுறை வாசகர்: தண்டின் பள்ளங்களில் பஞ்சு பஞ்சாக வெள்ளைப் பூச்சி, கூடவே எறும்பு. மழைக்காலத்தில் அடித்தண்டு மஞ்சளாகிக் கூழாகிறது.

இரண்டு வியாதி. பஞ்சு என்பது மாவுப்பூச்சி, அதன் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. பழைய டூத் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து எடுங்கள், அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலக்கி, சாயங்காலம் கண் கண்ணாக அடியுங்கள், வாரம் ஒன்று வீதம் மூன்று தடவை. சட்டியை ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் செங்கல் வைத்து அதன்மேல் வைத்தால் எறும்பு ஏறாது.

கூழாவது வேர் அழுகல். இதில் எனக்கு அனுபவம் உண்டு, பெருமைப்படும்படியான அனுபவம் இல்லை. இரண்டாவது வருடம், ஆறு மொட்டு வைத்திருந்த செடியை மாடியில் தண்ணீர் இறங்கும் குழாய்க்கு நேர் கீழே வைத்துவிட்டு ஊருக்குப் போனேன். ஐப்பசி அடைமழை, ஒன்பது நாள். திரும்பி வந்து தொட்டால் தண்டு அழுகின கத்திரிக்காய் மாதிரி உள்ளே போனது, இழுத்தால் வேரே இல்லாமல் கையோடு வந்தது. சட்டியின் அடித்துளையைப் பார்த்தால், நர்சரியில் கொடுத்த களிமண் இறுகி அடைத்துக்கொண்டிருந்தது. அதிலும் மேலே நல்ல பச்சையாக இருந்த நாலு துண்டை வெட்டிக் காயவைத்து நட்டேன், இன்றைக்கு என் வீட்டில் இருப்பதெல்லாம் அந்த நாலின் பிள்ளைகள். நீங்களும் அதையே செய்யுங்கள். மஞ்சளுக்கு மேலே இரண்டு அங்குலம் தள்ளி, வெட்டுவாய் உள்ளே பச்சையாகத் தெரிகிற இடம் வரை வெட்டுங்கள், உள்ளே பழுப்புக் கோடு தெரிந்தால் இன்னும் மேலே. புரட்டாசி முடியும்போதே சட்டியைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிட வேண்டும். மற்ற நாளில் விரலை இரண்டு கணு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் தண்ணீர், அவ்வளவுதான் கணக்கு.

சீர்காழி வாசகி: முதல் மொட்டு வந்திருக்கிறது ஐயா. எத்தனை மணிக்கு விரியும்? விழித்திருக்க வேண்டுமா?

விழித்திருங்கள் அம்மா, விடிந்து எழுந்தால் ஒன்றும் இருக்காது. ஏழரை மணிக்குப் பார்த்தால் மொட்டின் நுனி லேசாகப் பிரிந்து, விரல் நுழையும் அளவு வாய் திறந்திருக்கும். எட்டு எட்டரைக்கு வெளியே சுற்றியிருக்கிற மெல்லிய செம்பழுப்பு இதழ்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் மடங்கும், நின்று பார்த்தால் மொட்டு நடுங்குவதுகூடத் தெரியும். வாசனை பூவைவிட முந்திக்கொண்டு வரும், திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பதினொன்றுக்கு மேல் முழுசாக விரிந்து உள்ளங்கையைவிடப் பெரிதாக நிற்கும். காட்டில் இருட்டில் பறக்கிற பெரிய அந்துப்பூச்சியைக் கூப்பிடத்தான் இந்த வெள்ளையும் வாசனையும், நம் வீட்டில் அதற்குப் பதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் டார்ச்சோடு வருவார்கள். போட்டோ எடுக்கிறவர்கள் பதினொன்றரைக்குள் எடுத்துவிடட்டும்.

மூன்று மணிக்கு மேல் தளர ஆரம்பிக்கும். காலையில் கழுத்து ஒடிந்த கோழிக்குஞ்சு மாதிரி தொங்கும், காய் பிடிக்குமா என்று காத்திருக்காதீர்கள், ஒரே செடியின் மகரந்தத்தில் பெரும்பாலும் பிடிக்காது. காம்போடு கிள்ளி எடுத்துவிடுங்கள், சட்டியில் விழுந்து அழுகினால் எறும்பு வரும்.